துக்கத் துணி நிறம்

"வந்துடுச்சா?" என்றான் ஜாசி.

"இன்னும் இல்ல. இப்பதான் கோழிக் கொழுப்பு."

"எவ்வளவு தூரம்?"

"ஒரு விரல் அகலம். நகருது. நகருது. பாமாயில் ஆயிடுச்சு."

குறடு பிடித்த அவன் கை அசையவில்லை. முகம் மட்டும் அவள் குரல் வந்த பக்கம் திரும்பியிருந்தது. அச்சியா குனிந்து வெட்டிரும்பின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லால் தேய்த்து வெளுப்பாக்கிய இடத்தில் நிறம் எறும்பு ஊர்வதுபோல் கீழே இறங்கி வந்தது. கண்ணைச் சிமிட்டினால் போயிற்று. புகை எரிந்தது, கண்ணில் நீர் கட்டியது, அவள் சிமிட்டவில்லை.

"துக்கத் துணி!" என்று கத்தினாள்.

வெட்டிரும்பு வாளித் தண்ணீருக்குள் போனது. சத்தம் அடங்கும்வரை இருவரும் மூச்சு விடவில்லை.

எதிர்க்கொட்டகையில் வண்டிக் கதவுக்கு ஒடுக்கெடுத்துக்கொண்டிருந்த டான்சோ சுத்தியலைக் கீழே வைத்தான். "என்னக்கா, கோழி போட்டாச்சு, எண்ணெய் ஊத்தியாச்சு, அதுக்குள்ள துக்கமா? சாப்பிட்டவன் செத்துட்டானா?"

"இன்னும் இல்ல. உனக்குத்தான் எடுத்து வெச்சிருக்கேன், வாயத் தொற."

சந்து முழுக்கச் சிரிப்பு. கானா நாட்டுச் சுவாமேயில், பழைய வண்டிகளைப் பிரிக்கிற அந்தச் சந்துக்காரர்கள் ஜாசியின் உலைக்குச் சோற்றுக்கடை என்று பேர் வைத்து மழைக்காலம் ஒன்று கழிந்துவிட்டது. ஜாசி சிரிக்கவில்லை. வெட்டிரும்பை எடுத்துத் துடைத்து, முனையில் அரத்தை வைத்து ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தான்.

"கொஞ்சம் வழுக்குதே," என்றான்.

"அப்படின்னா?"

"ஒண்ணுமில்ல. நல்ல இரும்பு."

அதையும் மற்றவற்றோடு போட்டான்.

அச்சியா இந்த இடத்துக்கு வந்தது சோற்றுப் பானையோடுதான். சாயம் போடுகிறவர்களின் ஊரிலிருந்து, முழங்கை வரை மரப்பட்டைச் சாயக் கறையோடு, அரிசியும் பயறும் கலந்த சோற்றை இலையில் மடித்து விற்க வந்தாள். ஜாசி தினமும் சாப்பிட வருவான். கையில் காசு இல்லாத வாரத்தில் ஒரு கரியடுப்பைக் கொண்டுவந்து இறக்கினான். கார்ச் சக்கரத்தின் வட்டை, அதற்கு மூன்று கால், அடியில் சாம்பல் தட்டு. அடுத்து ஹெட்லைட் கிண்ணத்தில் ஒரு அகப்பை செய்துவந்தான். லாரி அச்சை அறுத்து உலக்கை செய்து தோளில் தூக்கிவந்தபோது, பக்கத்தில் மீன் பொரிக்கிறவள் சொன்னாள்: "அடியே, இவன் வீட்டையே கொண்டாந்து எறக்கிட்டான். இனிமே நீ போகாம இருந்தா நல்லா இருக்காது."

அப்போது அவனுக்குப் பெயர் இருந்தது. லாரி ஸ்பிரிங் பட்டையில் வெட்டுக்கத்தியும் களைக்கொத்தும், சுருள் ஸ்பிரிங்கை நீட்டி வெட்டிரும்பும் கறிக்கொக்கியும், பேரிங் வளையத்தில் கசாப்புக்கத்தியும் செய்வான். என்ஜின் மூடியைப் பிரித்தால் தட்டு, எண்ணெய் ஃபில்டரைப் பிரித்தால் புனல். செத்த வண்டி ஒன்று சந்துக்குள் இழுத்து வரப்பட்டால், என்ஜின்காரர்கள் எடுத்துப் போன மிச்சத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்ப்பான். இன்னும் என்னவெல்லாம் அதற்குள் இருக்கிறது என்று அவன் காதுக்குத் தெரியும்.

ஒரு தெரியாத பொருள்தான் அவன் கண்ணை எடுத்தது. ஏதோ பெரிய வண்டியின் என்ஜின் வால்வுகள். தண்டை அறுத்துத் துளைபோடும் உளி செய்யலாம் என்று வாங்கியிருந்தான். நல்ல எஃகு. எத்தனையோ வால்வுகளை அறுத்திருக்கிறான், எல்லாம் கெட்டியானவை. இதன் தண்டு உள்ளே துளையாக இருந்தது. துளைக்குள் வெள்ளி மெழுகுபோல் ஏதோ அடைத்திருந்தது. அது தண்ணீர் பட்டால் வெடிக்கிற உலோகம் என்று சந்தில் யாருக்கும் தெரியாது. காய்ச்சி, எப்போதும்போல் வாளித் தண்ணீரில் முக்கினான். வாளி வெடித்தது. முகத்தில் அடித்த தண்ணீர் வெறும் தண்ணீராக இல்லை. தோலைச் சுட்டது, கண்ணை வெளுக்க வைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவன் கண்கள் அவித்த முட்டையின் வெள்ளைபோல இருந்தன.

அச்சியா சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டுத் துருத்திக்கு வந்தாள்.

பெரும்பாலான வேலைக்கு அவனுக்குக் கண் தேவைப்படவில்லை. இரும்பு போதுமான அளவு காய்ந்ததா என்று பார்க்க, கார் ரேடியோ ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டி வைத்திருந்தான். காந்தம் ஒட்டாமல் நழுவினால் இரும்பு தயார். அடி எங்கே விழுகிறது என்பதைச் சத்தம் சொல்லிவிடும். ஆனால் தண்ணீரில் தோய்ச்சல் போட்டுக் கெட்டியாக்கிய பிறகு பதம் இறக்குவது மட்டும் நிறத்தின் வேலை. முனையில் நிறம் ஓடும். சரியான நிறத்தில் நிறுத்த வேண்டும். முந்தினால் இரும்பு கண்ணாடியாகும். பிந்தினால் தகரமாகும். அந்தச் சில நொடிகளுக்கு அவனுக்கு அவள் கண் வேண்டும்.

அதற்கு வார்த்தை வேண்டியிருந்தது. மஞ்சளுக்கு இங்கே கோழிக் கொழுப்பு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அது சுலபம், கத்திகளுக்கு அது. அடுத்தது பாமாயில் என்றான். எண்ணெய்ப்பனைப் பழத்திலிருந்து வடித்த சிவப்பு எண்ணெய், கோடரிக்கு. வெட்டிரும்புக்கு என்ன என்று அவள் கேட்டபோது யோசித்தான். சிவப்பு என்று சொல்ல முடியாது, அவர்கள் பேச்சில் ஆரஞ்சும் சிவப்புதான், செம்மண்ணும் சிவப்புதான். கறுப்பு என்றால் கரியும் கறுப்புதான்.

"துக்கத் துணி மாதிரி வரும்," என்றான்.

"எது, சிவப்புத் துணியா, கறுத்ததா?" இழவுக்கு இங்கே இரண்டும் கட்டுவார்கள்.

"கறுத்தது."

"சரி, தெரியும்," என்றாள். அவளுக்குத் தெரியாத துக்கத் துணியா.

அந்த மாதம் வெட்டிரும்புகள்தான் எல்லாமே. சந்தின் தலைவர் சாப்போங் அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார்: "ஜாசி, குருடன் வெச்ச உலை பக்கத்துல இருந்தா ஜனங்களுக்குப் பயமா இருக்கு. டயர்க்காரன் ஒருத்தன் இந்த எடத்தக் கேட்டு நாயா அலையறான். உன் அக்கா மகனும் வந்து பார்த்துட்டான்." என்ஜின்காரன் அடகோராதான் குறுக்கே வந்தான். "தலைவரே, எங்க எல்லாருக்கும் வெட்டிரும்பு வேணும். மாஸ்டர் செஞ்சு குடுக்கட்டும். நின்னுச்சுன்னா எடம் அவருது. நிக்கலைன்னா அப்புறம் பேசுங்க." சாப்போங் ஒத்துக்கொண்டார்.

அக்கா மகன் பெப்ரா கெட்டவன் இல்லை. இரண்டு தடவை வந்தபோதும் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினான். "மாமா, ஊருக்கு வந்துடுங்க. அம்மா உங்களுக்கு அறை ஒழிச்சு வெச்சிருக்கு. மூணு வேளையும் சோறு, நிழல். எதுக்கு இந்தப் புகையில கெடக்கணும்?" அச்சியாவைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை. அது ஜாசியின் அக்கா வீடு, தாய்வழி ரத்தத்துக்கு மட்டும் உரிய வீடு. பெண்டாட்டி அங்கே போகலாம், விருந்தாளியாக ஒரு ராத்திரி படுக்கலாம். அவளுக்கு ஒரு மகள் இருந்தாள், அக்ராவில், தலை பின்னிவிடும் கடையில், கடையிலேயே படுத்துக்கொண்டு.

பெப்ரா போன பிறகு ஜாசி சொன்னான்: "முத்தத்துல நாற்காலி போட்டு உக்கார வெச்சிடுவாங்க. கோழி மேல ஏறி நடக்கும்."

வெட்டிரும்புகளை அடகோரா தானே வந்து வாங்கிக்கொண்டு கொட்டகை கொட்டகையாகக் கொடுத்தான். ஒன்றை மட்டும், முனை கோணியது என்று ஜாசி நிறுத்திவைத்தான். இரண்டு நாள் ஒரு குறையும் வரவில்லை. மூன்றாம் நாள் சாப்போங்கே அந்த வழியாகப் போகும்போது, "நல்லா இருக்காம்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஜாசி அன்று துருத்தி ஊதிக்கொண்டே ஏதோ பாட்டு முணுமுணுத்தான். அச்சியா அவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். கண் போன நாளிலிருந்து அவனுக்குப் பாட்டு வந்ததில்லை.

மறுநாள் காலை அடகோரா ஒரு லாரியின் பின் அச்சில் இறுகிப்போன பேரிங் வளையத்தை உடைத்துக்கொண்டிருந்தான். வெட்டிரும்பை வைத்து அடித்தான். இன்னொரு அடி. அடுத்த அடியில் முனை உடைந்து தெறித்தது. துண்டு அவனுடைய இடது மணிக்கட்டின் உள்பக்கம் புகுந்தது. முதலில் அவன் கத்தவில்லை. கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாராவது வாங்கப்பா," என்று மட்டும் சொன்னான். ரத்தம் ரேடியேட்டர் குழாய் பிய்ந்ததுபோல் அடித்தது. டான்சோ ஓடிப்போய் ஒரு பழைய வண்டியின் சீட் பெல்ட்டை அறுத்துவந்து முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினான். டாக்சியில் தூக்கிப் போட்டார்கள்.

மதியம் போனவர்கள் திரும்பி வந்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. கட்டைவிரலும் அடுத்த விரலும் மடங்கவில்லை. உள்ளே இழுக்கிற நரம்பு அறுந்துவிட்டது, தைத்தாலும் பழையபடி வருமா என்று சொல்ல முடியாது என்றார்களாம்.

சாப்போங் வந்தார். உடைந்த வெட்டிரும்பைக் கையில் வைத்துப் புரட்டினார். ஜாசி எழுந்து நின்றுகொண்டிருந்தான். அச்சியா தன் தோள்துணியைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பழைய வண்டி இரும்பு," என்றார் சாப்போங். "உள்ள விரிசல் இருந்திருக்கும். யார் உள்ள பூந்து பார்த்தா? என் அப்பன் காலத்துலயும் உடைஞ்சிருக்கு." துண்டை உலைத் திட்டின் மேல் வைத்தார். "மத்தது எல்லாம் நிக்குதில்ல. வேலையப் பாருங்க. சாயங்காலம் அடகோரா வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

அவர் போனார். இடம் தப்பியது.

ஜாசி வெட்டிரும்பின் உடைந்த முகத்தை விரலால் தடவினான். திரும்பத் திரும்பத் தடவினான். "விரிசல் இல்ல," என்றான் மெதுவாக. "விரிசலா இருந்தா ஒரு பக்கம் வழவழன்னு இருக்கும். இது முழுக்க உப்புக்கல் மாதிரி இருக்கு. கோணல்னு வெச்சோமே, அத எடு."

எடுத்தாள்.

"நிறம் இன்னும் நிக்குதா?"

"நிக்குது."

"என்ன நிறம்?"

"துக்கத் துணி."

"அந்தப் பேர விடு. வேற எது மாதிரி இருக்குன்னு சொல்லு."

அவள் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "கோலாக் கொட்டைய உடைச்சு வெச்சா கொஞ்ச நேரத்துல சிவப்பு கலந்து கறுக்குமே. அந்த மாதிரி."

"நீலமே இல்லையா?"

"எங்க நீலம்?"

அவன் உட்கார்ந்தான். "உங்கம்மா செத்தப்ப நீ என்ன கட்டியிருந்தே?"

"எங்க ஊர்த் துணிதான். பட்டைச் சாயம். நாங்களே காய்ச்சி முக்கினது."

"எங்கம்மாவுக்கு நான் கட்டினது அவுரில முக்கினது. முக்கி முக்கிக் காய வெச்சது. வெயில்ல பார்த்தா கறுப்புக்குள்ள நீலம் தெரியும். இரும்புல அந்த நீலம் இதுக்கப்புறம்தான் வரும், நாம முந்திட்டோம்."

துருத்தியின் தோல் தானாகக் காற்று இறங்கி மடிந்தது.

"நான் கேட்டேன்," என்றாள். "சிவப்பா கறுத்ததான்னு கேட்டேன்."

"கறுத்ததுன்னு சொன்னேன்."

"இதுவும் கறுத்ததுதான். எங்க ஊர்ல இதத்தான் கறுத்ததுன்னு சொல்லுவாங்க."

"தெரியும்."

"தெரியும்னா சொல்லியிருக்கலாமே!"

"இப்பத் தெரியுது."

வெளியே டான்சோவின் சுத்தியல் சத்தம் கேட்டது. அதற்கப்பால் இன்னொன்று, இன்னொன்று. எவையெவை தன்னுடைய வெட்டிரும்பு மேல் விழுகின்றன என்று ஜாசி கேட்டுக்கொண்டிருப்பது அவன் கழுத்தில் தெரிந்தது.

"அரம் வழுக்குச்சு," என்றான். "அப்பவே வழுக்குச்சு. கண்ணாடி ஆன இரும்புல அரம் பிடிக்காது. நல்ல இரும்புன்னு நெனச்சுக்கிட்டேன்."

அச்சியா தோள்துணியை இடுப்பில் கட்டினாள்.

"எங்க போறே?"

"எல்லாத்தையும் வாங்கிட்டு வரேன்."

"என்ன சொல்லி?"

"உள்ளத."

"உள்ளத சொன்னா சாயங்காலமே டயர்க்காரன் வந்து நிப்பான். தலைவரே விரிசல்னு சொல்லிட்டாரு. அச்சியா, நான் சொல்றதக் கேளு. கூர் பார்த்துத் தரேன்னு சொல்லி வாங்கு. கொண்டா, மறுபடி பதம் போடலாம். ராத்திரியோட ராத்திரியா எல்லாம் சரி பண்ணிடலாம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

அவன் குரல் இப்படிக் கெஞ்சி அவள் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில்கூட இல்லை. அவள் முன்னால் நாற்காலியும் முற்றமும் கோழியும் வந்து போயின. அக்ராவில் மகள் படுக்கிற கடையின் தரையும்.

"சரி," என்றாள்.

முதல் கொட்டகையில் பொய் சுலபமாக வந்தது. "கூர் பார்த்துத் தரச் சொன்னாரு." கொடுத்தார்கள். அடுத்ததிலும் கொடுத்தார்கள். ஒருவன் தேடி எடுத்து, "மாஸ்டருக்கு மனசு கஷ்டமா இருக்கும், பாவம்," என்றான். அவள் மடியில் கனம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் டான்சோ மட்டும் பாக்கி.

அவன் ஒரு கதவுச் சட்டத்தில் துருவேறிய போல்ட்டை வெட்டிக்கொண்டிருந்தான். அவன் ஆள் ஒருவன் சட்டத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கிட்ட வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டான்சோ, அதக் குடு. கூர் பார்த்துத் தரேன்."

"கூருக்கு என்னக்கா கேடு? வெண்ணெய் மாதிரி வெட்டுது. இன்னும் நாலு அடி. போய் ஏதாவது வறுத்துக்கிட்டு இரு, வரேன்."

"இப்பவே குடு."

"அட, சோத்துக்கடையில இன்னிக்குக் கோபமா?" சிரித்துக்கொண்டே சுத்தியலை ஓங்கினான்.

அவள் அவன் கையைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள்.

"அது உடையும். எல்லாமே உடையும். நிறத்த நான் தப்பாச் சொல்லிட்டேன். அடகோரா கையில பூந்தது விரிசல் இல்ல, நான் சொன்ன நிறம்."

டான்சோ சுத்தியலைத் தாழ்த்தினான். சட்டத்தைப் பிடித்திருந்தவன் மெல்ல முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டான். பக்கத்துக் கொட்டகையில் சுத்தியல் நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. சேதி வாயால் போகவில்லை, நிற்கிற சத்தங்களாகப் போனது. டான்சோ வெட்டிரும்பை அவளிடம் நீட்டினான். பாம்பை நீட்டுவதுபோல் நீட்டினான்.

திரும்பி வந்தபோது ஜாசி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். சந்தே ஓய்ந்திருந்ததால் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா குடுத்திருப்பான்," என்றான்.

"அதுக்குள்ள அடிச்சிருப்பான்."

"நாலு அடி தாங்கியிருக்கும்."

அவள் மடியை அவிழ்த்து வெட்டிரும்புகளை உலைத் திட்டில் கொட்டினாள். அவன் அவற்றைத் தொடவில்லை. அவளையும் தொடவில்லை.

வெயில் சாயும்போது சாப்போங் வந்தார். இந்தத் தடவை உள்ளே வரவில்லை. சந்தில் நின்றபடியே சொன்னார்: "அக்கா மகனுக்குச் சொல்லி அனுப்பிட்டேன், ஜாசி." ஜாசி சரி என்றான்.

மறுநாள் காலை பெப்ரா ஒரு வாடகைப் பிக்கப்போடு வந்தான். பட்டடைக்கல்லையும் சம்மட்டிகளையும் குறடுகளையும் நாலு பேர் சேர்ந்து ஏற்றினார்கள். டான்சோவும் ஒரு கை பிடித்தான். துருத்தி ஓட்டை என்பதால் விட்டுவிட்டுப் போனார்கள். வெட்டிரும்புகளைச் சாப்போங் பழைய இரும்புக்காரனிடம் போடச் சொன்னார். ஜாசியை முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். பெப்ரா அச்சியாவிடம், பண்டிகைக்கு ஊருக்கு வந்துபோகச் சொன்னான். அவள் வரேன் என்றாள். வண்டி கிளம்பும்போது ஜாசி அவளைத் தேடிக் கதவுக்கு வெளியே கையை நீட்டினான். அவள் வண்டியின் மறுபக்கம் நின்றிருந்தாள்.

அவள் கஞ்சி காய்ச்சி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனாள். அடகோராவின் மனைவி வாசலிலேயே தூக்கை வாங்கிக்கொண்டாள். உள்ளே கூப்பிடவில்லை. அவன் தூங்குகிறான் என்றாள். அச்சியா காலித் தூக்குக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள், பிறகு அதை விட்டுவிட்டு நடந்தாள். மதியம் சந்தில் டயர்க்காரன் காற்று இயந்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, உலைத் திட்டை இடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தான். அவள் மூட்டையையும் ஜாசி செய்து தந்த அடுப்பையும் எடுத்துக்கொண்டு அக்ரா பஸ்ஸில் ஏறினாள். பஸ் நிறைந்த பிறகுதான் கிளம்பியது.